பத்து செகண்டும் பாழாய்ப் போன கியர் பாக்ஸும்

பி.காம். படித்தவனுக்கு உலகத்தில் எதைக் காட்டினாலும் இரண்டு பத்திதான் தெரியும். இந்தப் பக்கம் பற்று, அந்தப் பக்கம் வரவு. தாஜ்மகாலுக்கு அழைத்துப் போனால்கூட, 'இதுக்கு வருஷா வருஷம் எத்தனை பர்சென்ட் தேய்மானம் எழுதுவாங்க?' என்று கேட்கிற ரகம் நாங்கள். அப்படிப்பட்ட நான் கார் ரேஸ் பற்றி எழுதுவது, சைவ ஓட்டல் மாஸ்டர் மீன் குழம்புக்குப் பக்குவம் சொல்வது மாதிரிதான். ஆனால் இந்த வார விஷயத்தில் ஒரு நல்ல கணக்கு இருக்கிறது. கொஞ்சம் ரத்தமும் இருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் டிராக் ரேஸ் என்று ஒரு பைத்தியம். வளைவு, நெளிவு எதுவும் கிடையாது. ஒரே நேர்கோடு. கால் மைல், அதாவது 402 மீட்டர். இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். நடுவே ஒரு கம்பத்தில் விளக்குகள். அதற்குக் 'கிறிஸ்துமஸ் மரம்' என்று பெயர். 1963-லிருந்து இருக்கிறது. மஞ்சள், மஞ்சள், மஞ்சள்... அரை அரை செகண்டு இடைவெளி... பச்சை! புறப்பட்டால் சுமார் பத்து செகண்டில் ஆட்டம் க்ளோஸ். நம் ஊர் சிக்னலில் பச்சை விழுந்து, முன்னால் நிற்கிற ஆட்டோக்காரர் பீடியை எறிந்துவிட்டு முதல் கியர் போடுவதற்குள், அங்கே ஒருத்தன் ஜெயித்தே விடுகிறான்.

தெருவில் ரேஸ் விட்டுச் செத்துக்கொண்டிருந்த பையன்களை ஒழுங்கான மைதானத்துக்கு இழுத்துவர வேண்டும் என்று, வாலி பார்க்ஸ் என்பவர் 1951-ல் தேசிய ஹாட் ராட் சங்கத்தை ஆரம்பித்தார். இன்றைக்கும் அந்த விளையாட்டுக்கு அதுதான் பெரிய வீடு.

சரி, ரேஸ் கார் என்றதும் நமக்கு என்ன தோன்றும்? டிரைவர் பல்லைக் கடித்துக்கொண்டு கியரை 'டக் டக்'கென்று மாற்றுவார் என்றுதானே? அங்கேதான் ஆச்சரியம். வாரக் கடைசியில் சொந்தக் காசைப் போட்டு ஓட்டுகிற ஏகப்பட்ட டிராக் ரேஸ்காரர்கள் வைத்திருப்பது ஆட்டோமாட்டிக் கியர் பாக்ஸ். அதுவும் எது? ஷெவர்லே கம்பெனி 1950-ல் குடும்பக் காருக்காகப் போட்டு, 1973-ல் நிறுத்திவிட்ட 'பவர்கிளைடு'. மொத்தமே இரண்டு கியர்தான். நம் தாத்தாவின் மாவு மிஷின் மாதிரி.

ஏன் இந்தக் கிழட்டுப் பெட்டி? உள்ளே சாமான் குறைவு, எடை குறைவு, முழுங்குகிற சக்தியும் குறைவு. இன்னொரு காரணம் கொஞ்சம் வேடிக்கையானது. 'பிராக்கெட் ரேஸ்' என்று ஒரு வகை. இதில் உங்கள் கார் எத்தனை செகண்டில் ஓடும் என்று நீங்களே முன்கூட்டி கண்ணாடியில் எழுதி ஒட்டிவிட வேண்டும். 10.50 என்று எழுதினால் அதை ஒட்டி ஓட வேண்டும். 10.49-ல் ஓடினால்? 'சபாஷ்' என்று தோளில் தட்ட மாட்டார்கள். எதிராளி அதைவிடப் பெரிய தப்பு செய்யாதவரை, நீங்கள் அவுட். சர்க்கார் ஆபீஸில் வேலை பார்க்கிறவர்களுக்கு இது உடனே புரியும். மார்ச் 31-க்குள் ஒதுக்கிய பணத்தை மிச்சம் பிடித்தாலும் மெமோ, அதிகம் செலவழித்தாலும் மெமோ. ஆக, அங்கே வேண்டியது வேகத்தைவிட ஒரே மாதிரித்தனம். மனுஷன் கியர் போட்டால் தடவைக்கு ஒரு மாதிரி போடுவான். ஆட்டோமாட்டிக் பெட்டி அப்படியில்லை, நல்ல குமாஸ்தா மாதிரி தினம் ஒரே கையெழுத்து.

அதன் உடம்பு நன்றாக இருக்கும்வரை.

* * *

இந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது? இரண்டு டேபிள் ஃபேனை எதிரெதிரே வையுங்கள். ஒன்றுக்கு மட்டும் ஸ்விட்ச் போடுங்கள். அதன் காற்று பட்டு மற்றதும் சுற்றும். காற்றுக்குப் பதில் ஆயில் என்று வைத்துக்கொண்டால் அதுதான் டார்க் கன்வர்ட்டர். எஞ்சின் ஒரு பக்கம் ஆயிலைச் சுழற்ற, மறு பக்கம் அந்த ஆயில் கியர் பாக்ஸைச் சுழற்றும்.

அதே ஆயில்தான் அழுத்தம் கொடுத்து உள்ளே கிளட்ச் பிளேட்டுகளை நெருக்கிப் பிடிக்கிறது. அதே ஆயில்தான் பல்சக்கரங்களுக்கு வழுவழுப்பு. சூட்டை வெளியே தூக்கிக்கொண்டு போவதும் அதேதான். ஒரு ஆபீஸில் கேஷியர், டைப்பிஸ்ட், பியூன், வாட்ச்மேன் நான்கு பேர் வேலையையும் ஒரே ஆள் பார்த்தால் என்ன ஆகும்? அவருக்கு ஜுரம் வந்தால் ஆபீஸுக்கே பூட்டு.

ஆயிலுக்கு வருகிற ஜுரம்தான் ஆட்டோமாட்டிக் கியர் பாக்ஸின் முதல் எமன். மெக்கானிக்குகள் வழிவழியாகச் சொல்கிற ஒரு வாய்க்கணக்கு உண்டு. 80 டிகிரி செல்ஷியஸ் சூட்டில் ஆயிலுக்கு முழு ஆயுள். அதற்கு மேல் ஒவ்வொரு 11 டிகிரிக்கும் ஆயுள் பாதி. 91-ல் பாதி, 102-ல் கால், 113-ல் அரைக்கால், 124-ல் வீசம். பி.காம். நண்பர்களே, இதைப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தோன்றவில்லையா? நாம் பரீட்சையில் எழுதிய குறைந்துசெல் மதிப்பு முறைத் தேய்மானமேதான், 50 சதவிகித விகிதத்தில்!

ரேஸ் காரில் இந்த ஜுரம் எப்படி ஏறுகிறது என்று கேளுங்கள். 'டிரான்ஸ் பிரேக்' என்று ஒரு சாதனம் இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் பெட்டிக்குள் முன் கியரும் ரிவர்ஸ் கியரும் ஒரே சமயத்தில் பிடித்துக்கொள்ளும். கார் அசையாது. டிரைவர் ஆக்ஸிலேட்டரை மிதிப்பார், எஞ்சின் கத்தும். பச்சை விழுந்ததும் பொத்தானை விட்டால் வில்லிலிருந்து அம்பு. பார்க்க ஜோர்தான். ஆனால் கார் நிற்கிற அந்த நேரத்தில் எஞ்சினின் சக்தி எங்கே போகிறது? சக்கரத்துக்குப் போகவில்லை. அத்தனையும் டார்க் கன்வர்ட்டரில் இருக்கிற சில லிட்டர் ஆயிலைச் சூடாக்கப் போகிறது.

கணக்குப் போடுவோமா? ஒரு குதிரை சக்தி 746 வாட். எஞ்சின் அப்போது 500 குதிரை கொடுக்கிறது என்று வைத்துக்கொண்டால் 3,73,000 வாட். பக்கெட்டில் தொங்கவிட்டு வெந்நீர் போடுவோமே, 1,000 வாட் ஹீட்டர்? அதில் 373 ஹீட்டரை ஒரே பக்கெட்டில் தொங்கவிட்ட மாதிரி! அனுபவஸ்தர்கள் அந்தப் பொத்தானில் இரண்டொரு செகண்டுக்கு மேல் கையை வைத்திருக்க மாட்டார்கள். கற்றுக்குட்டிகள், 'எதிராளி இன்னும் கோட்டுக்கு வரலியே' என்று பிடித்துக்கொண்டே நிற்பார்கள். அவன் வருவதற்குள் உள்ளே வடை போடலாம்.

இதற்கு மருந்து சிம்பிள். தனியாக ஒரு ஆயில் கூலர், அதற்கு ஒரு ஃபேன், கொஞ்சம் ஆழமான ஆயில் தட்டு, கண்ணுக்கு நேரே ஒரு டெம்பரேச்சர் மீட்டர். ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னாலும் மீட்டர் ஒரே நம்பரைக் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கோட்டுக்கு வருவார்கள். பச்சைத் தண்ணீர் மாதிரி ஆயில் ஜில்லென்று இருந்தாலும் ஓட்ட மாட்டார்கள். சூடு ஒரே மாதிரி இருந்தால்தான் செகண்டும் ஒரே மாதிரி வரும்.

* * *

என் மச்சினன் அமெரிக்காவில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். அவனோடு வேலை பார்க்கும் வெள்ளைக்காரர் ஒருவருக்கு இந்த டிராக் ரேஸ் வியாதி. இவனையும் எடுபிடியாகச் சேர்த்துக்கொண்டுவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது.

"மாமா, நேத்து ராத்திரி பூரா ஒரு தட்டைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்."

"ஏன் மாப்ளே, அங்கேயும் பந்தியில இடம் கிடைக்கலியா?"

"ஆயில் தட்டு மாமா. கியர் பாக்ஸுக்கு அடியில இருக்கும். கழட்டி டார்ச் அடிச்சுப் பார்க்கணும்."

"பார்த்து?"

"ஜோசியம் சொல்லணும்."

ஜோசியம்தான். தட்டின் அடியில் கொஞ்சம் சாம்பல் நிறக் குழம்பு இருந்தால் சாதாரணத் தேய்மானம், பயமில்லை. கறுப்பாகத் துணுக்குகள் இருந்தால் கிளட்ச் பிளேட்டின் தோல் உரிகிறது. பித்தளை நிறத்தில் மினுங்கினால் புஷ், வாஷர் ஏதோ அரைபடுகிறது. இரும்புத் துண்டே கிடந்தால் ஜோசியம் வேண்டாம், காரியத்துக்கு நாள் பார்க்க வேண்டியதுதான். ஆயில் நல்ல சிவப்பாக இருக்க வேண்டும். காப்பி நிறத்தில் மாறிக் கருகல் வாடை அடித்தால் உள்ளே எங்கோ பிளேட் வழுக்குகிறது. ஃபில்டரையும் அறுத்துப் பார்ப்பார்களாம்.

"அது சரி, வண்டி தோத்துப் போச்சா?"

"ஜெயிச்சுது மாமா."

"ஜெயிச்ச வண்டியை எதுக்குடா கழட்டினீங்க?"

"தோத்த வண்டியைத்தான் எல்லாரும் கழட்டுவாங்களே மாமா."

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை. இவனா அரியர்ஸ் வைத்துப் பாஸ் பண்ணியவன்? கியர் பாக்ஸ் காப்பாற்றுகிற வித்தை மொத்தமும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. பெட்டி உடைவது என்னவோ ஒரு செகண்டில்தான். ஆனால் அதற்கு இருபது ஓட்டத்துக்கு முன்பே அது முனக ஆரம்பித்திருக்கும். அழுத்தம் கொஞ்சம் குறைகிறது. அதனால் பிளேட் இம்மியளவு வழுக்குகிறது. வழுக்கினால் சூடு. சூட்டில் பிளேட் கண்ணாடி மாதிரி வழவழப்பாகிறது. அதனால் இன்னும் வழுக்கல், இன்னும் சூடு. கந்து வட்டிக்காரனிடம் ஐநூறு ரூபாய் வாங்கின கதை. முதல் வாரமே அடைத்தால் ஒரு கேஸ்கெட்டும் சில லிட்டர் ஆயிலும்தான் செலவு. விட்டால் வீட்டுப் பத்திரம்.

* * *

ஓட்டுவதைவிடப் பூட்டுவதில் சாகிற பெட்டிகளும் உண்டு. டார்க் கன்வர்ட்டரை கியர் பாக்ஸ் மூக்கில் மாட்டும்போது அது படிப்படியாக 'டக், டக்' என்று உள்ளே இறங்கி உட்கார வேண்டும். உட்கார்ந்த பிறகு எஞ்சின் பக்கத் தகட்டுக்கும் அதற்கும் சுமார் 3 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். சரியாக உட்காராமலே, 'போல்ட்டை முறுக்கினா தானா வந்துடும்' என்று சிலர் முறுக்குவார்கள். வராது. உள்ளே இருக்கிற ஆயில் பம்ப்தான் நசுங்கும். ஸ்டார்ட் பண்ணின அன்றைக்கே பெட்டி காலி. எஞ்சினையும் பெட்டியையும் நேராகப் பொருத்துவதற்கு இரண்டு சின்ன முளைகள் உண்டு. அதில் ஒன்று தொலைந்துபோனால், 'பரவாயில்லை, போல்ட் இருக்கே' என்கிற மகராசன்களும் இருக்கிறார்கள். கோணலாக நிற்கிற பெட்டியில் பம்ப் எத்தனை நாளைக்குத் தாங்கும்?

இன்னொன்று: பழைய பெட்டி உடைந்து புதுப் பெட்டி போடும்போது, ஆயில் கூலரையும் குழாய்களையும் சுத்தம் பண்ணாமல் அப்படியே மாட்டிவிடுவது. பழையது உடைந்தபோது சிதறிய இரும்புத் தூள் கூலருக்குள் குடியிருக்கும். புதுசுக்கு முதல் ஆயில் ஓட்டத்திலேயே அது சீதனமாக வந்து சேரும். பழைய கடனை அடைக்காமல் புதுக் கணக்கு ஆரம்பித்தால் வேறு என்ன ஆகும்?

* * *

இதுவரை சொன்னதில் நஷ்டம் பணம்தான். இனிமேல்தான் ரத்தம்.

1970, மார்ச் 8. கலிபோர்னியாவில் லாங் பீச், லயன்ஸ் என்ற டிராக் மைதானம். டான் கார்லிட்ஸ், 'பிக் டாடி' என்று அந்த ஊரே கொண்டாடும் ஃபுளோரிடாக்காரர், தன் காரில் உட்கார்ந்திருக்கிறார். அந்தக் காலத்து டிராக்ஸ்டரில் எஞ்சின் முன்னால், டிரைவர் பின்னால். கியர் பெட்டி அவர் காலடியில். அது அவரே பரிசோதனையாகப் போட்டிருந்த இரண்டு கியர் பெட்டி. டார்க் கன்வர்ட்டர் வைத்த ஆட்டோமாட்டிக் இல்லை, ஆனால் உள்ளே ஆட்டோமாட்டிக்கில் இருக்கிற அதே பிளானட்டரி பல்சக்கரக் குடும்பம். பச்சை விழுந்து கார் புறப்பட்ட இடத்திலேயே பெட்டி வெடித்தது. கார் இரண்டு துண்டு. கார்லிட்ஸின் வலது பாதத்தில் ஒரு பகுதி போய்விட்டது. வேடிக்கை பார்க்க வந்த ஒருவருக்கும் படுகாயம்.

நாமாக இருந்தால் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு ஜாதகத்தை எடுத்துவரச் சொல்லியிருப்போம். அவர் அங்கே படுத்தபடி யோசித்தது வேறு. 'வெடிக்கக்கூடிய சாமானை எல்லாம் ஏன் மனுஷனுக்கு முன்னால் வைக்க வேண்டும்? பின்னால் வைத்தால் என்ன?' மறு வருஷமே, 1971-ல், எஞ்சினைப் பின்னால் வைத்த காரோடு வந்தார். பொமோனாவில் நடந்த பெரிய பந்தயத்தை அதிலேயே ஜெயித்தார். சில வருஷத்தில் அந்த உயர் பிரிவுக் கார்கள் எல்லாமே எஞ்சினைப் பின்னால் போட்டுக்கொண்டன. ஒரு கியர் பெட்டி வெடித்ததால் ஒரு விளையாட்டின் உருவமே திரும்பிப்போயிற்று.

இரும்பு ஏன் வெடிகுண்டு மாதிரி வெடிக்கிறது? சுழற்சிதான் காரணம். வேகம் இரண்டு மடங்கானால் உலோகத்தைப் பிய்க்கிற விசை நான்கு மடங்கு. பவர்கிளைடில் இதற்கு ஒரு சுலப வழி இருக்கிறது. ஜெயித்த சந்தோஷத்தில், கோட்டைத் தாண்டியதும் அதே வேகத்தில் நியூட்ரலுக்குத் தள்ளுவது! தள்ளினால் உள்ளே இருக்கும் கிளட்ச் டிரம்மைப் பிடித்துவைக்க யாரும் இல்லை. பல்சக்கர விகிதம் 1.76-ஐ வைத்து நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். பின் ஷாஃப்ட் நிமிஷத்துக்கு 7,000 சுற்று, எஞ்சின் ஐடிலில் 1,000 என்றால், அந்த டிரம் கிட்டத்தட்ட 15,000 சுற்றுப் போகிறது! அது செய்யப்பட்ட வேலை அதுவல்ல. அதனால் கோட்டைத் தாண்டினாலும் கியரிலேயே விட்டு வேகம் குறைய வேண்டும் என்பது பாலபாடம்.

கிறைஸ்லரின் 727 டார்க்ஃபிளைட் பெட்டிக்கு இதே வியாதி வேறு வழியில் வரும். பந்தயத்துக்கு முன்னால் டயரை நனைத்து, ஒரே இடத்தில் சுழற்றிப் புகை பறக்கச் சூடேற்றுவார்களே, அதை முதல் கியரில் செய்யக் கூடாது. முதல் கியரில் சுமை சட்டென்று விட்டுப்போனாலோ, பின் ஷாஃப்ட் முறிந்தாலோ, ஒரு பக்கமாகப் பிடிக்க வேண்டிய உள் கிளட்ச் பிடி நழுவி, டிரம் தறிகெட்டுச் சுற்றிச் சிதறும். அதனால் இரண்டாவது கியரில்தான் அந்தச் சடங்கு. அதிலும் சக்கரம் ஈரத்தைத் தாண்டி உலர்ந்த தரையைப் பிடிப்பதற்குள் காலை எடுத்துவிட வேண்டும். சுழல்கிற டயர் திடீரென்று தரையைக் கவ்வினால், அந்த அடி நேரே பெட்டிக்குப் போகும்.

இவ்வளவும் செய்த பிறகும் உடையாது என்று யாராலும் எழுதிக் கொடுக்க முடியாது. எனவே வேகமான கார்களுக்குச் சட்டம் ஒன்று வைத்திருக்கிறார்கள்: உடைந்தால், உடைந்தது பெட்டியோடு நிற்க வேண்டும். கியர் பாக்ஸைச் சுற்றி ஒரு கவசம் கட்டாயம். சிலர் கெட்டியான உறை போடுவார்கள். சிலர் குண்டு துளைக்காத ரகத் துணியில் தைத்த போர்வை சுற்றுவார்கள். அதில் எஸ்.எஃப்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். (நம் ஊர் காலேஜ் வாசலில் கொடி பிடிக்கிற எஸ்.எஃப்.ஐ. இல்லை. இது பாதுகாப்புச் சாமான்களுக்குத் தரம் நிர்ணயிக்கிற அமைப்பு.) ஷாஃப்ட் முறிந்தால் தரையில் குத்திக் காரைத் தூக்கி எறியாமல் இருக்க, அதைச் சுற்றி ஒரு இரும்பு வளையம். பதற்றத்தில் கை தவறி ரிவர்ஸில் விழாமல் இருக்க லீவரில் ஒரு பூட்டு. கியரில் இருக்கும்போது ஸ்டார்ட் ஆகாதபடி ஒரு ஸ்விட்ச். இவை எதுவும் காரை ஒரு துளிகூட வேகமாக்காது. எடைதான் கூடும். ஆனால் இவை இல்லாமல் கோட்டுக்கு வந்தால், சோதிக்கிற அதிகாரி வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அங்கே, 'தெரிஞ்சவர் லெட்டர்' செல்லாது.

* * *

மச்சினன் சொன்னதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒரு அழுக்கு நோட்டு. அந்த வெள்ளைக்காரர் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு வரி எழுதுகிறாராம். தேதி, எத்தனை செகண்டு, ஆயில் சூடு எவ்வளவு, பொத்தானில் எத்தனை நேரம் கை இருந்தது, ஆயில் மாற்றி எத்தனை ஓட்டம் ஆயிற்று. செகண்டு ஒரு நாள் காரணமில்லாமல் கொஞ்சம் கூடினால், நோட்டைப் புரட்டுவார், தட்டைக் கழற்றுவார். அடேயப்பா! நாங்கள் மூன்று வருஷம் படித்த தினசரிக் குறிப்பேடு! அதை வைத்து ஒருத்தன் காலைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று எங்கள் புரொபசர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நானும் அந்தப் பாடத்தில் கொஞ்சம் விழித்திருந்திருப்பேன்.

நம் ஊரிலும் இப்போது ஆட்டோமாட்டிக் கார்கள் பெருகிவிட்டன. எல்லாம் ஒரே ஜாதிப் பெட்டி இல்லை. ஆனாலும் ஆபீஸ் நண்பர்கள் இரண்டு விஷயத்தை எடுத்துக்கொள்ளலாம். ஒன்று, மலைச் சரிவில் நியூட்ரலில் உருட்டிப் பெட்ரோல் மிச்சம் பிடிக்கும் வித்தை வேண்டாம். இப்போதைய எஞ்சின்கள் கியரில் இறங்கும்போது தாமாகவே பெட்ரோலை நிறுத்திக்கொள்ளும். நியூட்ரலில் போட்டால்தான் எஞ்சின் ஓட பெட்ரோல் குடிக்கும். எஞ்சினையே அணைத்துவிட்டால் இன்னும் மோசம். டார்க் கன்வர்ட்டர் வகைப் பெட்டிகளில் எஞ்சின் சுற்றினால்தான் ஆயில் பம்பும் சுற்றும்.

இரண்டு, ஆயில். பல கார்களின் விளம்பரத்தில், 'கியர் பாக்ஸ் ஆயில் மாற்றவே வேண்டாம், ஆயுள் முழுக்க வரும்' என்று போடுகிறார்கள். நல்ல விஷயம்தான். யாருடைய ஆயுள் முழுக்க என்று மட்டும் டீலரிடம் ஒரு வார்த்தை கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.